ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் புழுக்கம்: டுவல் சோன் ஏசியில் பிழை தேடும் முறை

சாரதிக்கு விறைக்கிறது, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வியர்க்கிறது. ஏசிக் கடைக்குப் போனால் வரும் முதல் வார்த்தை, "கேஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சா சரி" என்பதுதான். சில வேளை அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோது, அளவாக இருக்கிற கேஸுக்கு மேல் இன்னும் ஏற்றி அமுக்கத்தைக் கூட்டி, கொம்பிரசரைப் பாடுபடுத்திவிட்டுப் பழைய பிழையோடேயே வீட்டுக்கு வருவீர்கள். இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். டாஷ்போர்டைக் கழற்றி மோட்டர் மாற்றுவார்கள், பிறகு பார்த்தால் உண்மையிலேயே கேஸ்தான் குறைவு. இந்த இரண்டு வீண் செலவையும் தவிர்க்க, காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஸ்கேனரும் வேண்டாம், கேஸின் அமுக்கத்தை அளக்கும் கேஜும் வேண்டாம்.

டுவல் சோன் என்பது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பம் வைக்கக்கூடிய ஏசி. அதற்காக உள்ளே இரண்டு ஏசி இருப்பதாக நினைப்பவர்கள் பலர். உண்மையில் புளோவர் ஒன்று, கூலிங் கொயில் ஒன்று, ஹீட்டர் கொயில் ஒன்று. காற்று முழுவதும் கூலிங் கொயிலைக் கடந்து குளிர்ந்த பிறகுதான் இடம், வலம் என்று பிரிகிறது. பிரிந்த ஒவ்வொரு வழியிலும் கதவு போல் திரும்பும் ஒரு பிளாப் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு ஹீட்டர் கொயில் வழியாகச் சுற்றி வரவேண்டும், எவ்வளவு நேரே வரவேண்டும் என்பதை அந்தப் பிளாப்தான் பிரித்துவிடுகிறது. அதைத் திருப்புவது ஒரு சின்ன சேர்வோ மோட்டர். நீங்கள் இடப்பக்கம் 24, வலப்பக்கம் 20 என்று வைக்கும்போது மாறுவது இந்த இரண்டு பிளாப்களின் நிலை மட்டுமே.

நமது கிழக்கிலங்கையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினின் சுடுதண்ணீர் ஹீட்டர் கொயிலுக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்ஜின் சூடான பிறகு அந்தக் கொயில் 80, 90 பாகையில் டாஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கத்துப் பிளாப் ஒரு விரல் அகலம் மூடாமல் நின்றாலே போதும், அந்தப் பக்கம் வெந்த காற்று கலந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பாகம் பழுதானால் இரண்டு பக்கமும் கெடவேண்டும். கொம்பிரசர், வண்டியின் முன்னால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறி, புளோவர், அறை வெப்பத்தைப் பார்க்கும் சென்சர் ஆகிய எதுவும் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்காது. டிராபிக்கில் நிற்கும்போது இரண்டு பக்கமும் சூடாகி, ஓடும்போது குளிர்ந்தால் அது விசிறிப் பிரச்சினை, இங்கே பேசுவது அதையல்ல. பொதுவான பாகங்களில் விதிவிலக்கு கூலிங் கொயில் மட்டும்தான். கேஸ் குறைந்தால் கொயிலின் ஒரு பகுதி குளிர்ந்து மறுபகுதி சூடாகவே கிடக்கும். ஆகவே ஒரு பக்கப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் இரண்டே இரண்டு குற்றவாளிகள்: பிளாப், அல்லது பாதி குளிர்ந்த கொயில். சோதனை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான்.

அதற்கு முன் பிழையே இல்லாத இரண்டு சந்தர்ப்பங்களைத் தள்ளிவிடுங்கள். டுவல் அல்லது சிங்க் என்ற பட்டனின் லைட்டைப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அடுத்தது வெயில் சென்சர். முன் கண்ணாடிக்கு அருகே டாஷ்போர்டின் மேல் தெரியும் கறுப்புக் குமிழ் அது. பல டுவல் சோன் வண்டிகளில் அது வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையும் பார்க்கும். காலையில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போது கடல் பக்கத்து வெயில் நேரே சாரதியில் விழுகிறது. ஆட்டோவில் போட்டிருந்தால் சிஸ்டம் வேண்டுமென்றே அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாகக் குளிர் கொடுக்கும். அதே பாதையில் பின்னேரம் வந்தால் இடப்பக்கம் குளிரும். நேரத்தையும் திசையையும் பொறுத்துப் பக்கம் மாறுகிறதென்றால் அது பழுதல்ல, வேலை. ஆனால் அந்தக் குமிழின் மேல் பிள்ளையார் சிலையோ, டிஷூப் பெட்டியோ, டாஷ்போர்ட் விரிப்போ இருந்தால் கணக்குப் பிழைக்கும். எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இனிச் சோதனை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், வெயில் டாஷ்போர்டைச் சுட முன்னர் செய்யவேண்டும். கம்பி முனையுள்ள இரண்டு டிஜிட்டல் தேர்மோமீட்டர் தேவை. சமையலுக்கோ பிரிட்ஜுக்கோ விற்கிற சாதாரணமானது போதும். முதலில் இரண்டையும் ஒரே கிளாஸ் தண்ணீரில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி போல் குறிபார்க்கும் லேசர் தேர்மோமீட்டர் இதற்கு உதவாது. அது காற்றை அளக்காது, கிரில்லின் பிளாஸ்டிக்கைத்தான் அளக்கும்.

நடுவில் உள்ள இரண்டு கிரில்லுக்குள்ளும் கம்பி முனையை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள், பிளாஸ்டிக்கில் படாமல். எல்லா கிரில்லும் திறந்திருக்கட்டும். ஏசி ஓன், உள்காற்றுச் சுழற்சி, காற்று முகத்துக்கு, புளோவர் முக்கால் வேகம், இரண்டு பக்கமும் லோ (ஆகக் குறைந்த வெப்பம்). ஆட்டோவை அணைத்துவிடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு நிமிடமும் இரண்டு அளவையும் இன்ஜின் ஹீட் மீட்டரின் நிலையையும் எழுதுங்கள். ஹீட் மீட்டர் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் ஐந்து நிமிடம் தொடருங்கள்.

முதல் சில நிமிடங்களில் ஹீட்டர் கொயிலும் குளிர்தான். அந்த நேரத்தில் பிளாப் எந்த நிலையில் நின்றாலும் காற்றைச் சூடாக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கி, 10 பாகைக்குக் கிட்ட வந்து, பிறகு ஹீட் மீட்டர் ஏற ஏற ஒரு பக்கம் மட்டும் 13, 16, 20 என்று ஏறினால் கொயிலில் பிழை இல்லை. கேஸ் பக்கமே போகவேண்டாம். அந்தப் பக்கத்துப் பிளாப் மூடவில்லை. மாறாக, இன்ஜின் குளிராக இருக்கும்போதே ஒரு பக்கம் 8, மறுபக்கம் 15 என்று தொடங்கி, இன்ஜின் சூடான பிறகும் அந்த இடைவெளி பெரிதாக மாறாமல் நின்றால், கூலிங் கொயில் சரிசமமாகக் குளிரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் 2, 3 பாகை வித்தியாசம் இருப்பது இயல்பு. 5ஐத் தாண்டினால் தேடவேண்டும்.

ஹைபிரிட் வண்டியில் இன்ஜின் விட்டு விட்டுத்தான் ஓடும், தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். வீட்டு வாசலில் முதல் ஐந்து நிமிட அளவுகளை எடுத்துவிட்டு, செங்கலடி வரை ஒரு ஓட்டம் ஓடி வந்து மீதியை எடுக்கலாம்.

முடிவில் சந்தேகம் இருந்தால் இன்னொரு உறுதிப்படுத்தல் உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது, பொனட்டுக்குள் கேபின் சுவருக்குப் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களில் ஒன்றை, ஹோஸ் அழுத்துவதற்கென்றே வரும் கிளாம்பால் அழுத்தி மூடுங்கள். சில நிமிடத்தில் சூடான பக்கம் குளிர்ந்தால் பிளாப்தான். ஒன்றும் மாறாவிட்டால் கொயில்தான். சாதாரணக் குறட்டால் அழுத்தவேண்டாம், பழைய ஹோஸ் வெடித்தால் கொதிதண்ணீர் கையில் கொட்டும். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் இந்தச் சோதனையையே விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் ஹீட்டர் ஹோஸில் ஒரு வால்வ் இருக்கும், லோவில் வைத்தால் அது தண்ணீரையே அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் லோவில் பிழை ஒளிந்துகொள்ளும், இரண்டு பக்கமும் 22இல் வைத்துச் செய்யவேண்டும்.

இப்போது கொயில் பக்கம். கேஸ் திரவமாகக் கொயிலின் ஒரு முனையால் உள்ளே வந்து, ஆவியாகிக்கொண்டே போய், மறுமுனையால் வெளியேறுகிறது. குறைவாக இருந்தால், கடைசி வயலுக்கு எட்டாத வாய்க்கால் தண்ணீர் போல, பாதி வழியிலேயே முடிந்துவிடும். மிச்சக் கொயிலில் வெறும் ஆவி மட்டும் ஓடும், அதில் குளிர் இல்லை. எந்தப் பக்கம் சூடாகும் என்பது அந்த வண்டியில் கேஸ் எந்தப் பக்கத்தால் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. புளோவரைக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் நெருங்கி வரும், கூட்டினால் விலகும். கேஸ் குறைவுக்கு இது நல்ல அடையாளம்.

கேஜ் போட்டால், ஆர்-134ஏ என்ற வகைக் கேஸ் உள்ள சிஸ்டத்தில், 30 முதல் 35 பாகை வெப்பத்தில், இன்ஜின் 1500 சுற்றில், புளோவர் முழு வேகத்தில், தாழ் அமுக்கம் ஏறக்குறைய 21 முதல் 36 பீஎஸ்ஐ, உயர் அமுக்கம் 200 முதல் 230 பீஎஸ்ஐ வரை இருப்பது வழக்கம். கச்சான் அடிக்கிற ஆடி, ஆவணி வெயிலில் உயர் அமுக்கம் இதைவிடக் கூடும். இரண்டும் இதற்குக் கீழே இருந்தால் கேஸ் குறைவு. ஆனால் அமுக்கத்தைப் பார்த்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். அமுக்கம் வெயிலோடும் இன்ஜின் வேகத்தோடும் மாறும். 100 கிராம் குறைவு கேஜில் தெரியாமலே போகலாம், கொயிலில் அது நன்றாகத் தெரியும். பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்களுக்குப் பொதுவாக 400 முதல் 550 கிராம் வரை, பின்னாலும் கொயில் உள்ள பெரிய ஜீப்களுக்கு அதைவிட நிறையக் கூடுதல். சரியான முறை ஒன்றுதான்: உள்ளே இருப்பதை மெஷினால் முழுவதும் எடுத்து நிறுத்துப் பார்ப்பது, கசிவைத் தேடி அடைப்பது, குறைந்தது அரை மணி நேரம் வெக்கியூம் போட்டு ஊசி ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, பிறகு தராசில் நிறுத்து ஏற்றுவது.

நமது கரையில் கசிவு எங்கே என்று தேட முதலில் கண்டென்சரைப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். கீழ் வரிசைகளில் விரலால் தடவினால் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். கேஸோடு சேர்ந்து ஒயிலும் கசியும் என்பதால், கசியும் இடத்தில் மண் ஒட்டிப் பிசுக்காக ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அதன் மேல் சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியையும் கழற்றி அதிலும் ஒரு துளி விடுங்கள், மூடி தொலைந்த வால்வ்கள் மெதுவாகக் கசிவது சாதாரணம். கசிவை அடைக்கும் என்று சொல்லி டப்பாவில் வரும் மருந்தை ஊற்ற விடவேண்டாம், அது கொயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கேஸ் எடுக்கும் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேஸ் அளவு சரியாக இருந்தும் கொயில் சீராகக் குளிராவிட்டால், எக்ஸ்பான்ஷன் வால்வ், சிஸ்டத்துக்குள் அளவுக்கு மிஞ்சிய ஒயில், அல்லது கொயில் முகத்தில் குப்பை. மூன்றாவதற்கு அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், சப்பியும் தூசும் பறக்கும். கேபின் பில்டர் கிழிந்திருந்தாலோ, "காற்றுக் குறையுது" என்று யாரோ கழற்றி எறிந்திருந்தாலோ எல்லாம் நேரே கொயிலில் போய் அப்பும். பில்டர் பெட்டியைத் திறந்து டோர்ச் அடித்தால், ஈரமான கொயிலின் மேல் உமியும் தூசும் சேர்ந்து கம்பளி போல் படர்ந்திருப்பது தெரியும். பெரும்பாலும் புளோவருக்குக் கிட்டிய பக்கம்தான் கூட. மாரி தொடங்கினால் எலியும் குடியேறும், புளோவர் பெட்டிக்குள் நெல்மணியும் கடித்த ஸ்பொஞ்சும் கிடக்கும். இந்த வகைப் பிழையை ஒரு விதத்தில் இனங்காணலாம்: சூடாக இருக்கும் பக்கத்தில் காற்றின் அளவும் குறைந்திருக்கும். ஒரு டிஷூக் கீற்றை இரண்டு கிரில்லுக்கும் முன்னால் பிடித்துப் பாருங்கள். கேஸ் குறைவில் காற்றின் அளவு சமம், குளிர் மட்டும்தான் குறையும்.

காற்றின் அளவே குறைவு, ஆனால் வருகிற கொஞ்சக் காற்று நல்ல குளிர் என்றால் டாஷ்போர்டுக்குப் பின்னால் காற்றுக்குழாய் கழன்றிருக்கலாம். அண்ட்ராய்டு பிளேயரோ கமராவோ பொருத்திய பிறகு தொடங்கியதா என்று யோசியுங்கள். கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் கை விட்டால் அங்கே குளிர்காற்று அடிக்கும்.

பிளாப் பக்கம் முடிவு வந்திருந்தால், இன்ஜினை நிறுத்தி, சாவியை ஓனில் மட்டும் வைத்து, புளோவரைக் குறைத்துவிட்டு, பிழையான பக்கத்தை லோவிலிருந்து ஹைக்குத் திருப்புங்கள். உள்ளே சில விநாடிகள் மெல்லிய உறுமல் கேட்டு நிற்கவேண்டும். டக் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தால் மோட்டருக்குள் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. கழற்றித் திறந்து பார்த்தால், மற்றப் பற்கள் எல்லாம் புதிதாக இருக்க, வெள்ளை நைலோன் சக்கரமொன்றில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பல் மட்டும் மழுங்கியிருக்கும். பிளாப் முழுதாகத் திறந்தும் மூடியும் முட்டுகிற இடத்தில் பாரம் முழுவதும் அந்தப் பற்களுக்குத்தான்.

சத்தமே இல்லாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். மார்கழி, தை வெள்ளத்தில் காப்பெட் நனைந்த வண்டிகளில் கீழ்ப்பக்க மோட்டரின் பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். எலி கடித்த வயரும் இங்கேதான் அகப்படும். ஐந்து வயர் வரும் மோட்டரென்றால் இரண்டு மோட்டருக்கு, மூன்று பிளாப்பின் நிலையைச் சொல்லும் சென்சருக்கு. சென்சர் மூன்றில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவதில் பிளாப் நகர நகர வோல்டேஜ் தாவாமல் சீராக ஏறி இறங்கவேண்டும். இடையில் துள்ளினால் மோட்டர் சுற்றினாலும் கொம்பியூட்டர் குழம்பும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த அளவீடு செல்லாது, அவற்றில் மோட்டர்கள் டேட்டா வயரில் பேசுகின்றன, ஸ்கேனர் வேண்டும்.

சத்தம் சரி, ஹையில் வைத்தால் நல்ல சூடும் வருகிறது, லோவுக்கு வந்தால் மட்டும் முழுக் குளிர் வரவில்லை என்றால் மோட்டரை மாற்றவேண்டாம். பிளாப் கடைசி வரை போய்ப் பொருந்தவில்லை. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் பிளாப்பின் ஓரத்து ஸ்பொஞ்ச் உதிர்ந்துவிடும், கிரில்லால் கறுப்புத் துகள் பறப்பதே அடையாளம். முன் கண்ணாடி ஓரத்துக் காற்றுத்துளை வழியாக விழுந்த பேனையும் சில்லறைக் காசும் பிளாப்பைத் தடுப்பதும் உண்டு. மோட்டரைக் கழற்றிப் பிளாப்பின் அச்சைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலேசாகச் சுழன்று இரண்டு முனையிலும் மெத்தென்று முட்டவேண்டும். நடுவில் கெட்டியாக இடித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. இடப்பக்கத்தைத் திருப்ப வலப்பக்கம் மாறினால், முன்பு டாஷ்போர்ட் கழற்றிய யாரோ இரண்டு பிளக்கையும் மாற்றிக் குத்தியிருக்கிறார்கள்.

டாஷ்போர்டில் கை வைக்க முன்னர் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றி 90 விநாடியாவது பொறுங்கள், மஞ்சள் நிற பிளக்குகளைத் தொடவேண்டாம். அவை எயார்பேக்குக்குரியவை.

ஆட்டோ ஏசி உள்ள பல டொயோட்டாக்களில் ஸ்கேனர் இல்லாமலேயே பிழை இலக்கம் பார்க்கலாம். ஆட்டோ பட்டனையும் உள்காற்றுப் பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு சாவியை ஓன் செய்தால், லைட்டுகள் மின்னிய பிறகு இலக்கங்கள் வரும். 41 வந்தால் பயணிப் பக்கப் பிளாப் மோட்டர், 46 சாரதிப் பக்கம். 21 அல்லது 24 வெயில் சென்சர். ஆனால் கராஜ் நிழலில் பார்த்தால் நல்ல சென்சருக்கும் இந்த இலக்கம் வரும், வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

பாவித்த மோட்டரைக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் எடுப்பதானால் பழையதைக் கையோடு கொண்டுபோய் லேபிள் இலக்கத்தை ஒப்பிடுங்கள். இட மோட்டரும் வல மோட்டரும் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தும் உள்ளே எதிர்த்திசையில் சுற்றுவதுண்டு. புதியதை முதலில் பிளாப்பின் அச்சில் பொருத்தித் திருகாணி இறுக்கிய பிறகே பிளக்கைக் குத்திச் சாவியை ஓன் செய்யுங்கள். வெளியில் தொங்கவிட்டு ஓன் செய்தால் மோட்டர் முட்டும் இடம் தெரியாமல் முனை தாண்டிப் போய்விடும். சில வண்டிகளில் பெட்டரி மாட்டியவுடன் தானே இரண்டு முனையையும் தொட்டு அளவெடுக்கும், அந்த ஒரு நிமிடம் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். மற்றவற்றுக்கு ஸ்கேனரில் சேர்வோ இனிஷலைஸ் செய்து, அதே அளவெடுப்பைச் செய்விக்கவேண்டும். பெட்டரி மாற்றிய அன்றே ஒரு பக்கம் சூடானால், எதையும் கழற்ற முன்னர் இதை மட்டும் செய்து பாருங்கள்.

ஹைபிரிட் வண்டிக்குக் கேஸ் வேலை செய்யக் கொடுக்கும்போது ஒயிலைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசருக்கு எஸ்டர் (POE) வகை ஒயில் மட்டும்தான். டொயோட்டாவில் அது என்டி-11. சாதாரண வண்டிக்குப் போடும் பேக் (PAG) ஒயில் கொஞ்சம் கலந்தாலும் உள்ளே மின்காப்புக் கெட்டு, உயர் வோல்டேஜ் பிழை வந்து வண்டியே நின்றுவிடும். முந்திய வண்டியின் ஒயில் தங்கியிருக்கும் கேஜ் ஹோஸாலேயே இது நடக்கும். ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸுக்குரிய வண்டியில் ஆர்-134ஏ ஏற்றுவதற்கும் இடம் கொடுக்காதீர்கள், ஸ்டிக்கரில் எது எழுதியிருக்கிறதோ அதுதான்.

வேலை முடிந்ததும் அதே இரண்டு தேர்மோமீட்டரோடு நடுப்பகல் வெயிலில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வெளியே எடுத்த கேஸ் எத்தனை கிராம், உள்ளே ஏற்றியது எத்தனை கிராம், என்ன ஒயில் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே பக்கம் சூடானால், எடுக்கும்போது வரும் கிராமை இதோடு ஒப்பிட்டுக் கசிவு எவ்வளவு வேகம் என்று உடனே சொல்லிவிடலாம்.